பெட் கொதிக்கிறது, ஸ்டீம் ஏறவில்லை: உமி பாய்லரில் மணலுக்கும் குழாய்க்கும் நடுவே நடப்பது

கேள்வி இது: ஆற்காடு பக்கம் புழுங்கல் அரிசி ஆலை. மணிக்கு 4 டன் ஸ்டீம் தரும் எஃப்.பி.சி. பாய்லர் (கீழிருந்து ஊதும் காற்றில் மிதந்து கொதிக்கும் மணலுக்குள் எரிபொருளை எரிப்பது; அந்த மணல் படுகைதான் பெட்), 10.5 கிலோ அழுத்தம். உமியோடு மல்லாட்டைத் தோலும் (வேர்க்கடலைத் தோல்) கலந்து எரிக்கிறார்கள். போன மாதம் பெட் மணலை மாற்றினார்கள். அன்றிலிருந்து பெட் வெப்பநிலை 920, 930 டிகிரி என்று நிற்கிறது, ஸ்டீம் மட்டும் முன்பு வந்ததில் முக்கால் பங்குதான். காற்றைக் கூட்டிப் பார்த்தார்கள். பெட் கொஞ்சம் குளிர்ந்ததே தவிர ஸ்டீம் ஏறவில்லை. பெட் காயிலை, அதாவது மணலுக்குள் படுத்திருக்கும் தண்ணீர்க் குழாய்களை, மாற்ற வேண்டுமா என்று கேட்கிறார்கள்.

காயிலில் இப்போதைக்குக் கை வைக்க வேண்டாம். பெட் சூடாகவும் ஸ்டீம் குறைவாகவும் ஒரே நேரத்தில் இருந்தால், உமி சரியாகத்தான் எரிகிறது. எரிந்த சூடு குழாய்க்குள் போகவில்லை என்று பொருள். உமி போதாமல் ஸ்டீம் குறைந்திருந்தால் பெட்டும் சேர்ந்து குளிர்ந்திருக்கும். மணலுக்கும் குழாய்க்கும் நடுவில் எங்கோ வழி அடைபட்டிருக்கிறது. அந்த வழி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் எங்கே தேடுவது என்பதும் தெரிந்துவிடும்.

நம் ஊரில் தள்ளுவண்டிக்காரர் வாணலியில் மணலைப் போட்டுக் கடலை வறுப்பதைப் பாருங்கள். வெறும் சட்டியில் வறுத்தால் தொட்ட இடம் கருகும், தொடாத இடம் பச்சையாக இருக்கும். மணல் போட்டுக் கிளறினால் ஒவ்வொரு கடலையையும் சூடான மணல் எல்லாப் பக்கமும் தொடுகிறது. தொட்டு ஆறிய மணல் விலக, புது மணல் வந்து தொடுகிறது. எஃப்.பி.சி. பெட்டில் நடப்பதும் இதேதான். அங்கே கரண்டி கிளறுகிறது, இங்கே கீழிருந்து வரும் காற்றுக் குமிழிகள் கிளறுகின்றன. கடலை இருக்கும் இடத்தில் பெட் காயில் இருக்கிறது.

குழாய்க்குச் சூடு மூன்று வழியில் வருகிறது. பெரிய பங்கு மணல் துகள் கொண்டுவந்து கொடுப்பது. 850 டிகிரியில் இருக்கும் மணல்கூட்டம் குழாயை ஒட்டி வந்து, ஒரு விநாடியோ அதற்கும் குறைவாகவோ நின்று, சூட்டை இறக்கிவிட்டுத் திரும்பி நடுப்பெட்டுக்குப் போகிறது. மிக்லே, ஃபேர்பேங்க்ஸ் இருவரும் 1955-இல் இதைத்தான் ‘பொட்டலம்’ என்று வைத்துக் கணக்கிட்டார்கள். பொட்டலம் வந்து தொட்ட முதல் கணத்தில் சூடு வேகமாக இறங்கும், நிற்க நிற்கக் குறையும். ஆகவே மணல் அடிக்கடி மாற வேண்டும். இரண்டாவது வழி, துகள்களின் இடைவெளியில் ஓடும் வாயு கொடுப்பது. மூன்றாவது கதிர்வீச்சு. 850 டிகிரியில் கதிர்வீச்சை ஒதுக்க முடியாது என்றாலும், குழாயை ஒட்டிய மணல் ஆறிப்போய்த் திரைபோல நிற்பதால் காகிதக் கணக்கில் வரும் அளவு முழுசாக வந்து சேராது.

துகளும் குழாயும் உண்மையில் ஒரு புள்ளியில்தான் தொடுகின்றன. சூடு அந்தப் புள்ளி வழியே அவ்வளவாகப் போவதில்லை. துகளுக்கும் குழாய்க்கும் நடுவே இருக்கும் மெல்லிய வாயுப்படலத்தைத் தாண்டித்தான் போகிறது. துகள் பெரிதானால் அந்தப் படலத்தின் சராசரித் தடிமனும் பெரிதாகும். மணலின் அளவு இவ்வளவு முக்கியமாவது இதனால்தான். மணலின் வெப்பக் கடத்துதிறன் கிட்டத்தட்டப் பொருட்டே இல்லை, வாயுவின் கடத்துதிறன்தான் கணக்கில் வருகிறது.

ஒரு சதுர மீட்டர் குழாய் ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு எவ்வளவு சூடு வாங்குகிறது என்பதே வெப்ப மாற்றுக் கெழு. அதற்கு ஜப்ரோட்ஸ்கி தந்த எளிய சூத்திரம் ஒன்று உண்டு. அதிகபட்ச வெப்ப மாற்றுக் கெழு = 35.8 × (துகள் அடர்த்தியின் 0.2 அடுக்கு) × (வாயுவின் கடத்துதிறனின் 0.6 அடுக்கு) ÷ (துகள் விட்டத்தின் 0.36 அடுக்கு). எல்லாவற்றையும் கிலோ, மீட்டர், வாட் அலகில் போட வேண்டும். அடர்த்தி 2600, 850 டிகிரியில் காற்றின் கடத்துதிறன் 0.073 என்று வைத்தால் 0.5 மி.மீ. மணலுக்கு ஏறக்குறைய 555, 1 மி.மீ.க்கு 430, 2 மி.மீ.க்கு 335 வாட் வரும் (ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு). இது உச்சம். குழாய்கள் நெருக்கமாக அடுக்கிய உண்மையான பெட்டில் இதில் ஒரு பங்கு போய், கதிர்வீச்சு கொஞ்சம் சேர்ந்து, 1 மி.மீ. பெட்டுக்கு 300 என்று எடுத்துக்கொள்வது நியாயமான நடைமுறைக் கணக்கு. மேலே புகைவாயு மட்டும் உரசும் குழாய்களில் இது 30 முதல் 60 வரைதான். சின்ன பெட் காயில் அவ்வளவு ஸ்டீம் கொடுப்பது எப்படி என்பது இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்தாலே விளங்கும்.

உங்கள் எண்களைப் போட்டுப் பார்ப்போம். 10.5 கிலோ அழுத்தத்தில் தண்ணீர் 185 டிகிரியில் கொதிக்கும், குழாய்ச் சுவர் 190 என்று வைக்கலாம். பெட் 850 என்றால் வித்தியாசம் 660. 300 × 660 = 1,98,000 வாட். ஒரு சதுர மீட்டர் குழாய்ப் பரப்பு ஏறக்குறைய 200 கிலோவாட் வாங்குகிறது. கொதிநிலையில் இருக்கும் தண்ணீரில் அது மணிக்கு 350 கிலோ ஸ்டீம். 4 டன்னில் பாதி பெட் காயிலில் உண்டாகிறது என்றால் 6 சதுர மீட்டருக்குக் கொஞ்சம் குறைந்த பரப்பு போதும், 51 மி.மீ. குழாயில் 36 மீட்டர் நீளம்.

இப்போது பெட் 925, வித்தியாசம் 735. ஸ்டீம் முக்கால் பங்கு என்றால் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 148 கிலோவாட். 1,48,000 ÷ 735 = 200. உங்கள் கெழு 300-லிருந்து 200-க்கு வந்துவிட்டது, மூன்றில் ஒரு பங்கு காணோம். பழைய ஸ்டீமை இந்த 200-ஐ வைத்தே எடுக்க வேண்டுமென்றால் பெட் 1,180 டிகிரிக்குப் போக வேண்டும். அதற்கு வெகு முன்னாலேயே பெட் உருகி ஒட்டிக் கட்டியாகி, கிளிங்கராகிவிடும். ஆபரேட்டர் அதற்குப் பயந்து உமியைக் குறைக்கிறார், ஸ்டீம் விழுகிறது. அவர் செய்வது சரி. அவர்மேல் குறை சொல்ல எதுவும் இல்லை.

கெழு இப்படி விழ இரண்டு பெரிய காரணங்கள் உண்டு. ஒன்று மணல் பக்கம், மற்றொன்று தண்ணீர் பக்கம். இரண்டுக்கும் வெளியே தெரியும் அறிகுறி ஒன்றே: பெட் சூடு, ஸ்டீம் குறைவு. பிரித்தறிய நாள்கணக்கைப் பாருங்கள். குழாய்க்குள் ஸ்கேல் (தண்ணீரிலிருந்து படியும் உப்புப் படிவு) கட்டுவது மாதக்கணக்கில் நடக்கும், ஸ்டீம் கொஞ்சங்கொஞ்சமாகக் குறையும். உங்களுக்கு மணல் மாற்றிய அன்றே ஆரம்பித்திருக்கிறது. அதனால் முதலில் மணல்.

மணலின் அளவு 1 மி.மீ.யிலிருந்து 2.5 மி.மீ. ஆனாலே, அந்த 0.36 அடுக்கின்படி கெழு 300-லிருந்து 216-க்கு வரும். வாயு கொடுக்கும் பங்கு பெரிய துகளில் கொஞ்சம் கூடும் (பாஸ்ககோவின் சூத்திரப்படி 1 மி.மீ.க்கு 36, 2 மி.மீ.க்கு 51 வாட்), ஆனால் இழந்ததை அது ஈடுகட்டாது. இதோடு நிற்பதில்லை. பெரிய துகள் சரியாக மிதப்பதும் இல்லை. வென், யூ இருவரின் 1966-ஆம் ஆண்டுச் சூத்திரத்தில் போட்டால், 850 டிகிரி வாயுவில் மணல் மிதக்கத் தொடங்கும் வேகம் 1 மி.மீ.க்கு விநாடிக்கு 0.33 மீட்டர், 2 மி.மீ.க்கு 1.1, 3 மி.மீ.க்கு 1.9. இந்த ரக பாய்லர்கள் ஓடுவது பெரும்பாலும் 2 முதல் 2.8 மீட்டர் வேகத்தில். அப்படியானால் 3 மி.மீ. கல் மிதக்கலாமா வேண்டாமா என்கிற எல்லையில் நிற்கிறது, 4, 5 மி.மீ. கல் கீழே படுத்தேவிடும். கடலைச் சட்டியில் கரண்டி அடிவரை போகாததுபோல.

மல்லாட்டைத் தோல் இதை இன்னும் மோசமாக்கும். உமிச் சாம்பல் பஞ்சுபோல, காற்றோடு மேலே பறந்துவிடும், பெட்டில் தங்காது. மல்லாட்டைத் தோலோடு செம்மண்ணும் சிறு கல்லும் வரும். அவை பறக்காது, பெட்டின் அடியில் காற்று ஊதும் நாசில்களுக்கு நடுவே சேரும். பெட்டை அவ்வப்போது கீழ்வழியாக வடித்து, சலித்து, திரும்பப் போடும் ஆலைக்கும் போடாத ஆலைக்கும் உள்ள வித்தியாசம் இந்த எரிபொருளில் மிகத் தெளிவாகத் தெரியும்.

செய்ய வேண்டியது இது. பாய்லரை நிறுத்தி முழுக்க ஆறவிடுங்கள். மேல்தோல் ஆறியிருந்தாலும் உள்ளே மணல் ஒரு நாளுக்கு மேல் கனன்றுகொண்டிருக்கும், கம்பிபோட்டுக் கிளறிப் பார்க்காமல் ஆளை உள்ளே இறக்காதீர்கள். பெட்டின் நான்கு மூலையிலும் நடுவிலும், மேலிருந்து கீழ்வரை ஒரே குழியாக மணல் எடுங்கள். மேலே மட்டும் அள்ளினால் நல்ல மணல்தான் வரும், ஏமாந்துவிடுவீர்கள். எல்லாவற்றையும் கலந்து ஒரு கிலோ எடுத்து 0.85, 1.4, 2.36, 3.35 மி.மீ. சல்லடைகளில் சலித்து எடை போடுங்கள்.

சராசரி எடுப்பதில் எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. எடைப்பங்கை அளவால் பெருக்கிக் கூட்டக்கூடாது, அளவால் வகுத்துக் கூட்டி, வந்ததைத் தலைகீழாக்க வேண்டும். உதாரணமாக 30 சதவீதம் 1.1 மி.மீ., 30 சதவீதம் 1.9, 40 சதவீதம் 2.85 என்றால்: 0.30÷1.1 + 0.30÷1.9 + 0.40÷2.85 = 0.571. தலைகீழ் 1.75 மி.மீ. சாதாரணச் சராசரி எடுத்தால் 2.04 வந்திருக்கும். சூடு மாறுவது பரப்பு வழியாக, பரப்பு சிறிய துகளில்தான் அதிகம், அதனால் இந்தக் கணக்குத்தான் சரி. 3.35 சல்லடைமேல் நிற்பது மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் பெட்டை வடித்துச் சலிக்காமல் பாய்லரைக் கிளப்புவதில் பயனில்லை என்பது என் தீர்ப்பு.

அடுத்து குளிர்ச் சோதனை. பெட் முழுக்க வெளியே இருக்கும்போது, வெறும் நாசிலோடு எஃப்.டி. ஃபேனை (பெட்டுக்குக் கீழிருந்து காற்றை ஊதுவது) ஓட்டி, காற்றின் அளவை மாற்றும் கதவான டாம்பரைப் பத்துப் பத்து சதவீதமாகத் திறந்து, நாசிலுக்குக் கீழே இருக்கும் விண்ட் பாக்ஸ் என்ற காற்றுப் பெட்டியின் அழுத்தத்தைக் குறியுங்கள். பிறகு சலித்த மணலை 300 மி.மீ. உயரம் போட்டு அதையே மறுபடி செய்து, முதல் எண்ணைக் கழியுங்கள். மிஞ்சுவது பெட்டின் அழுத்தம். டாம்பரைத் திறக்கத் திறக்க அது ஏறி, ஒரு இடத்துக்குமேல் ஏறாமல் மட்டமாக நிற்கும். மணல் மிதக்கத் தொடங்குவது அங்கேதான். எங்கே நிற்க வேண்டும் என்பதற்கு எளிய கணக்கு: ஒரு மி.மீ. நீர்மட்டம் என்பது ஒரு சதுர மீட்டரில் ஒரு கிலோ. 300 மி.மீ. உயரம், கனமீட்டருக்கு 1,100 கிலோ மணல் என்றால் 330 கிலோ, ஆகவே 330 மி.மீ. நீர்மட்டம். 250-இல் மட்டமாகிவிட்டால் கால்வாசி மணல் மிதக்கவே இல்லை. ஃபேனைச் சட்டென்று நிறுத்திப் பெட்டின் மேல்முகத்தைப் பாருங்கள். சமமாக இருக்க வேண்டும். மேடு இருக்கும் இடத்துக்குக் கீழே நாசில் அடைத்திருக்கிறது. வெறும் நாசிலின் அழுத்த இழப்பு பெட் அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்காவது, அதாவது 100 மி.மீ. சுமாருக்கு, இல்லையென்றால் காற்று எளிதான பக்கமாகவே போகும். ஒரு பாதி கொதிக்கும், மறு பாதி தூங்கும்.

காற்றைக் கூட்டியும் ஸ்டீம் ஏறாததன் காரணம் இப்போது பிடிபடும். வேகத்தைக் கூட்டக் கூட்ட முதலில் கெழு விறுவிறுவென ஏறும், மணல் மாறும் வேகம் கூடுவதால். ஓர் உச்சத்துக்குப் பிறகு குமிழிகள் பெருத்துக் குழாயை மூடத் தொடங்கும். குமிழி மூடியிருக்கும் நேரம் மணல் தொடாத நேரம். ஆக ஒன்று கூட மற்றொன்று குறைந்து, கெழு மட்டமாகிப் பிறகு மெல்ல இறங்கும். டோடெஸ் சூத்திரப்படி அந்த உச்சம் 850 டிகிரியில் 1 மி.மீ. மணலுக்கு 1.6 மீட்டர் வேகத்தில், 2 மி.மீ.க்கு 2.4-இல். உச்சத்துக்குமேல் நீங்கள் கொடுக்கும் காற்று பெட்டைக் குளிர்விப்பது உண்மை, ஆனால் அந்தச் சூடு குழாய்க்குப் போகவில்லை, சிம்னிக்குப் போகிறது. புகைவாயு வெப்பநிலையும் ஆக்ஸிஜனும் சேர்ந்து ஏறியிருக்கும், பதிவேட்டைப் புரட்டிப் பாருங்கள். குழாய் தேய்வதும் அதோடு கூடும். தேய்மானம் வேகத்துக்கு மிகக் கூர்மையாக ஏறும் ஒன்று.

ஒரு பக்கக் குறிப்பு: வேலூர்ப் பக்கத்து வெயில் இந்தக் கணக்கில் நுழைகிறது. ஃபேன் இழுப்பது கனஅளவு, பெட்டில் வேலை செய்வது எடை. மார்கழிக் காலை 18 டிகிரியில் வைத்த டாம்பர் நிலையில் அக்னி நட்சத்திரத்து 42 டிகிரியில் காற்றின் எடை ஏழெட்டு சதவீதம் குறைவு. மணல் ஏற்கெனவே பெருத்திருந்தால் அந்த ஏழு சதவீதமே பெட்டைப் படுக்கவைக்கப் போதும்.

எந்த மணல் போடுவது? ஆற்றுமணலும் வேண்டாம், எம்-சாண்டும் வேண்டாம். ஆற்றுமணல் பெரும்பாலும் குவார்ட்ஸ். மல்லாட்டைத் தோல், சீமைக் கருவேலம் போன்றவற்றின் சாம்பலில் பொட்டாசியம் இருக்கிறது; பொட்டாசியமும் சிலிக்காவும் சரியான விகிதத்தில் சேர்ந்தால் 770 டிகிரி சுமாரிலேயே உருகிக் கண்ணாடிபோல ஒட்டும். தெர்மோகப்புள் 850 காட்டும்போதே உள்ளுக்குள் பிசின் கட்டத் தொடங்கிவிடும். ஒட்டிய இரண்டு துகள் ஒரு பெரிய துகள், மறுபடி அதே கதை. எம்-சாண்ட் கூர்மூலை கொண்டது, குழாயை அரிக்கும், தூள் அதிகம், தூள் முதல் நாளே பறந்து பெட் உயரம் குறையும். அலுமினா மிகுந்த தீச்செங்கல் நொறுக்கை 0.85 முதல் 2.36 மி.மீ.க்குள் சலித்துப் போடுவதே சரி. விலை கூடத்தான். சிறு துகள்தான் நல்லதென்று 0.5 மி.மீ.யைப் போட்டால் அதிலும் சிறுத்த துகளெல்லாம் காற்றோடு பறந்து பெட் குறைந்துகொண்டே வரும். கெழுவுக்கு நல்லது பெட்டின் ஆயுளுக்கு நல்லதல்ல, நடுவில்தான் நிற்க முடியும்.

பெட் உயரத்தையும் பாருங்கள். குழாய் மணலுக்குள் மூழ்கியிருந்தால்தான் 300. மேலே தலைநீட்டும் வரிசைக்கு மணல் தெறிப்பு மட்டுமே கிடைக்கும். உயரம் போகப் போக அது வேகமாகக் குறைந்து, கடைசியில் புகைவாயுவின் 50-க்கு வந்துவிடும். ஓட்டத்தில் பெட் அழுத்தம் 330-லிருந்து 270 ஆனால் மணல் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது என்று பொருள், அப்போதே சேருங்கள். லோடு குறைவான நாளில் பெட் உயரத்தை வேண்டுமென்றே குறைத்து ஸ்டீமைக் குறைக்கலாம், அதற்கான முறையான வழியும் அதுதான்.

பெட் வெளியே இருக்கும் அந்த நாளில் காயிலையும் அளந்துவிடுங்கள். படுக்கைக் குழாயைச் சுற்றி எல்லா இடமும் ஒன்றல்ல. மேல்முகத்தில் மணல் தொப்பிபோலக் குவிந்து அசையாமல் கிடக்கும், அடிமுகத்தில் வாயு தங்கும், பக்கங்கள்தான் அதிகச் சூடு வாங்கும். தேய்வது அடிப்பாதி. கடிகார முகமாக வைத்தால் 4 மணியிலிருந்து 8 மணிவரை அல்ட்ராசோனிக் கேஜ் வைத்துப் பாருங்கள், நாசிலுக்கு நேர்மேலே இருக்கும் வளைவுகளை முதலில். மேலே 12 மணியில் மட்டும் அளந்து ‘தடிமன் இருக்கிறது’ என்று எழுதிய அறிக்கைக்கு மதிப்பில்லை. ஸ்டட் (குழாயின்மேல் பற்றவைத்த சிறு முளை) வைத்த குழாயென்றால் ஸ்டட்களின் உயரத்தையும் பாருங்கள்.

மணலைச் சரிசெய்து, குளிர்ச் சோதனையில் 330 வந்து, ஓட்டத்தில் பெட் இன்னும் 900-க்குமேல் நின்றால் தண்ணீர் பக்கம் வாருங்கள். கொதிக்கும் தண்ணீர் பக்கத்துக் கெழு பல ஆயிரம், அது தடையே இல்லை. ஸ்கேல்தான் தடை. ஒரு மி.மீ. சுண்ணாம்பு ஸ்கேல், கடத்துதிறன் 1 என்று வைத்தால், 198 கிலோவாட்டை 152 ஆக்கிவிடும். குழாய் உலோகம் 340 டிகிரிக்குப் போகும். அதை கார்பன் ஸ்டீல் தாங்கும். அதே ஒரு மி.மீ. சிலிக்கா ஸ்கேல், கடத்துதிறன் 0.3 என்றால், சூடு பாதியாகி உலோகம் 520 டிகிரிக்குப் போகும். குழாய் புடைத்து வெடிப்பது அங்கே. சாதாரணப் புகைக்குழாய் பாய்லரில் இதே ஸ்கேல் பெரிதாகத் தெரியாது, ஏனென்றால் அங்கே வாயுப் பக்கமே பெரிய தடை. பெட் காயிலில் மணல் இவ்வளவு சூட்டைத் திணிப்பதால்தான் ஸ்கேல் இவ்வளவு ஆபத்து.

பாலாற்றுப் படுகையில் வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை வரிசையில் போர்த்தண்ணீரின் உப்பு எவ்வளவு என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. சாஃப்ட்னர் கால்சியம், மக்னீசியத்தை எடுக்கும். மொத்த உப்பையோ சிலிக்காவையோ எடுக்காது. சாஃப்ட்னர் இருக்கிறது, ஹார்ட்னஸ் பூஜ்யம் என்ற நிம்மதியில் சிலிக்காவை அளக்காமல் விட்ட பாய்லரில்தான் அந்த 520 டிகிரி நடக்கும். உங்கள் தண்ணீரில் சிலிக்கா அதிகமென்றால் ஆர்.ஓ. வைப்பதே வழி. ப்ளோடவுனை (உப்பேறிய பாய்லர் தண்ணீரை வெளியேற்றுவது) மட்டும் கூட்டிச் சமாளிக்கலாம் என்றால் சூட்டைச் சாக்கடையில் கொட்டுகிறீர்கள். பெட் காயில் குழாய்களைக் கீழே இணைக்கும் ஹெடரின் வால்வை லோடில் திறக்கவே கூடாது. சுற்றோட்டம் ஒரு நிமிடம் திரும்பினாலும் சதுர மீட்டருக்கு 200 கிலோவாட் வாங்கும் குழாயில் தண்ணீர் இல்லாமல் போகும். ப்ளோடவுன் டிரம்மிலிருந்து, ஹெடரை வடிப்பது நெருப்பு அணைந்த பிறகு.

வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் பழைய பதிவேட்டில் மணல் மாற்றிய நாளையும் அதற்கு முந்தைய வாரத்தின் பெட் அழுத்தம், பெட் வெப்பநிலை, ஃபேன் ஆம்பியர் மூன்றையும் எடுத்து வையுங்கள். பிறகு நிறுத்தம், மணல் மாதிரி, சல்லடை, நாசில் சுத்தம், குளிர்ச் சோதனை, குழாய்த் தடிமன். திரும்பக் கிளப்பும்போது, காற்றை நிறுத்திப் பெட்டை உட்காரவைத்துவிட்டு மறுபடி காற்று கொடுக்கும் ஒவ்வொரு முறையும், புகைவாயுவைச் சிம்னிக்கு இழுக்கும் ஐ.டி. ஃபேனை ஐந்து நிமிடம் ஓட்டி உள்ளே தேங்கிய வாயுவை வெளியேற்றிய பிறகே எஃப்.டி. ஃபேன். பெட் 850-இல் நின்று, அழுத்தம் 330 காட்டி, ஸ்டீம் பழைய அளவுக்கு வந்துவிட்டால் காயில் இன்னும் ஓடும். 4 மணி – 8 மணிப் பக்கத்துத் தடிமன் பாய்லர் இன்ஸ்பெக்டர் ஏற்கும் அளவுக்குக் கீழே போயிருந்தால் மட்டும் காயிலை மாற்றுங்கள்.